பொட்டு நிற்காத கார்

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் தகரக் கூரை போட்டுத் தொழில் தொடங்கியவன் நான். கூரை என்றதும் நாலு பக்கமும் சுவர் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு பக்கம்தான் சுவர்; அதுவும் அடுத்திருந்த கறிக்கடைக்காரருடையது. மழை வந்தால் நானும் வண்டியும் சேர்ந்தே நனைவோம். அங்கிருந்து கிளம்பி பிரேசர் டவுனில் சொந்தமாகப் பெயின்ட் பட்டறை வைத்தேன். அதற்குப் பிறகு அத்திபெலேயில், லாரியே உள்ளே வந்து திரும்பிப் போகிற அளவுக்குக் கூடம் கட்டினேன். தூசி புகாமல் பெயின்ட் அடிக்க அதற்குள் தனி அறை. அந்த அறை வைத்த காலத்தில் அந்தப் பக்கத்தில் வேறு எவனிடமும் அப்படி ஒன்று கிடையாது, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

நாலாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. டப்பாவில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தால், அது என்ன, எதில் கரையும், எப்போது காயும் என்று சொல்லிவிடுவேன். "எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கே" என்று என்னைக் கேட்டுச் சிரித்த பெரிய மனிதர்கள் எல்லாம், இடித்துக்கொண்டு வந்த தங்கள் காரை என்னிடம்தான் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களோடு தமிழில் பேசினேன், கன்னடத்தில் பேசினேன், உருதுவில் பேரம் பேசினேன். இரண்டு பெண்களை இன்ஜினியர் ஆக்கினேன். எவனும் எனக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனையும் செய்த ஆளைப் பார்த்து, போன மாதம் டை கட்டிய ஒரு பையன், "அங்கிள், உங்க காருக்கு வேக்ஸ் போடலாமா, சீலண்ட் போடலாமா? ரெண்டுக்கும் டிஃபரன்ஸ் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டான்.

கேட்ட இடம் என் மாமா மகனுடைய புதுக் கடை. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. கார்களைக் கழுவி, மெருகேற்றி, பூச்சுப் பூசுவதற்கென்றே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக அவருடைய மகன் ஒரு கடை திறந்தான். குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெரியவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

டை கட்டிய பையன் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தான். மெழுகு தேன்கூட்டிலிருந்தும் பனை இலையிலிருந்தும் வருகிறதாம், சீலண்ட் ரசாயனக் கூடத்தில் செய்வதாம். மெழுகு சில வாரத்தில் போய்விடுமாம், சீலண்ட் பல மாதம் நிற்குமாம். அதனால் சீலண்ட்தான் உசத்தியாம்.

"தம்பி, வண்டி எங்கே நிக்குதுன்னு கேட்டியா?" என்றேன்.

"எங்கே நின்னா என்ன அங்கிள்?" என்றான்.

ரோட்டோரம் மரத்தடியில் நிற்கிற வண்டி, காக்காய் எச்சமும் மரப்பிசினும் மெட்ரோ வேலையின் சிமென்ட் தூசியும் வாங்குகிற வண்டி, போர்வெல் தண்ணீரில் கழுவி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிற வண்டி என்றால் சீலண்ட் போடு. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் தாங்கும். கொட்டகைக்குள் நின்று, ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிற கறுப்பு வண்டி என்றால் மெழுகு. கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி ஓர் ஆழம் வரும். அது சீலண்டில் வராது. சிலர் சீலண்டைப் போட்டு, அது பிடித்த பிறகு மேலே மெழுகு பூசுவார்கள். அதுவும் சரிதான். ஆனால் மெழுகைப் பூசிவிட்டு அதன் மேல் சீலண்ட் போட்டால் பிடிக்காது, காசுக்குக் கேடு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இன்னொண்ணும் கேக்கணும். பொட்டு எங்க வைப்பீங்கன்னு கேக்கணும். அதைக் கேக்காம டப்பாவைத் திறக்கக் கூடாது" என்றேன்.

பையன் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் அவன் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.

சுவர் முழுக்க மாமாவின் படம். கீழே தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கதை. ஓர் ஆயுத பூஜையின்போது, முதலாளியின் காரைக் குங்குமக் கறையிலிருந்து காப்பாற்ற எங்கள் நிறுவனர் தம் கையால் மெழுகு காய்ச்சிப் பூசி, இந்தத் தொழிலுக்கு அன்றைக்கே வித்திட்டார் என்று போட்டிருந்தது. தமிழை நானே படித்தேன். மற்ற இரண்டையும் கூட வந்திருந்த பெரிய மகள் படித்துவிட்டு என் காதோடு, "அப்பா, மூணுலயும் ஒரே கதைதான் இருக்கு" என்றாள்.

மாமா மகன் பக்கத்தில் வந்து நின்று, "எப்படி இருக்கு அத்தான்?" என்றான்.

"போட்டோ நல்லா இருக்கு" என்றேன். விளக்கை ஏற்றினேன். காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வந்த பிறகும் மனசு ஆறவில்லை. நடந்ததைச் சொல்ல இன்றைக்கு உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்பா இல்லை. அம்மா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பங்களாவில் வேலை செய்தாள். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டில் அவர் டிரைவர். அவர் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அம்மாவின் சம்பளம் வாடகையோடு சரி.

முதலாளி அந்த வருஷம் புதிதாக ஓர் அம்பாசிடர் வாங்கியிருந்தார். பாலாடை நிறம். அவருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணை அந்தக் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதலாளிக்கு அந்தக் காரின் மேல் ஒரு தூசி விழக் கூடாது. ஆனால் முதலாளியின் தாயாருக்கு, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவருக்கு, ஆயுத பூஜை என்றால் பொட்டு பெரிதாக இருக்க வேண்டும். பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கதவுக்குக் கதவு ஒன்று, டிக்கியில் ஒன்று. வைத்ததை அன்றைக்குத் துடைக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குப் பிறகுதான் கை வைக்கலாம். அந்தக் குங்குமத்தில் இருந்த சாயம் ராத்திரிப் பனியிலோ மழையிலோ ஊறி இறங்கிவிட்டால், அப்புறம் பெயின்டைச் சுரண்டினால்தான் போகும். பழைய காரில் அப்படித்தான் ஆயிற்று. அதற்கு முன்பிருந்த டிரைவரை, வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வேலைக்குத்தான் மாமா வந்தார்.

பூஜை நெருங்க நெருங்க மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பெரியம்மாவை வெக்காதீங்கன்னு சொல்ல முடியுமா? வெச்சா கறை. கறை வந்தா சாவியைக் குடுன்னுவாரு" என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"எண்ணெ தடவிப் பாரேன்டா" என்றாள் அம்மா.

"தடவலாம். டிரைவருங்க எல்லாம் டீசல் துணியிலதான் தொடைக்கிறானுங்க. பளபளன்னு இருக்கும். ஆனா தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கும்க்கா. குங்குமம் எண்ணெயோட சேந்தா இன்னும் உள்ள போவும்."

பாயில் படுத்துக்கொண்டு இதைக் கேட்ட எனக்குப் பங்களா மேஜை ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பங்களாவில் மரத்தரை, மரமேஜை. அவற்றுக்கு அம்மாவே எங்கள் வீட்டில் மெருகுப் பூச்சு செய்து டப்பாவில் அடைத்துக் கொண்டுபோவாள். தேன்மெழுகைச் சீவி, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, அடுப்பைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் டர்பன்டைன் ஊற்றிக் கலக்குவாள். ஆறினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு நாள் அந்த வீட்டுப் பிள்ளை சிவப்பு மையைப் பாட்டிலோடு மேஜையில் கவிழ்த்துவிட்டான். நான் அங்கேதான் இருந்தேன். அவன் அழ ஆரம்பித்தான். அம்மா அவசரமே படாமல் ஈரத்துணியைக் கொண்டுவந்து ஒரே வழி வழித்தாள். மேஜையில் மை இருந்த அடையாளமே இல்லை. மை மேலேயே நின்றிருக்கிறது, மரத்துக்குள் இறங்கவில்லை. மேஜைக்கு நடந்தது காருக்கு நடக்காதா? மாமாவுக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இதைத்தான் அந்தச் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

பூஜைக்கு முந்தின நாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். காரைக் கழுவினோம். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், வாழைக்கன்று எல்லாம் வாங்கிவர அவர் மார்க்கெட்டுக்குப் போனார். நான் பையிலிருந்து அம்மாவின் டப்பாவை எடுத்தேன்.

முதலில் தப்பாகத்தான் செய்தேன். வெயிலில் நின்று சுட்டுக்கொண்டிருந்த பானெட்டில் கை நிறைய அள்ளி அப்பினேன். அது பிசுபிசுவென்று இழுத்துக்கொண்டு, தேய்த்தால் துணியோடு வந்தது. அழுகை வந்துவிட்டது. பிறகு பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளி பாதாம் மர நிழலுக்குக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்தவர் என்றால் கடையின் டெலிவரி வேன் ஓட்டுகிற பாய். என்ன செய்கிறாய் என்றுகூட அவர் கேட்கவில்லை, பீடியை வாயில் வைத்துக்கொண்டே தள்ளிக் கொடுத்தார். இரும்பு ஆறின பிறகு, துணியில் தொட்டும் தொடாமலும் எடுத்து, வட்ட வட்டமாகத் தேய்த்தேன். மூடுபனி விழுந்த மாதிரி ஒரு மங்கல் வந்தது. அது காய்ந்ததும் அம்மாவின் பழைய புடவைத் துண்டால் துடைத்தேன். என் முகம் அதில் தெரிந்தது. இன்றைக்கும் என் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிழலில் வை, சூடு ஆறட்டும், பூசியது கண்ணுக்கே தெரியக் கூடாது. அது மெழுகானாலும் சரி, சீலண்டானாலும் சரி. எந்த வெள்ளைக்காரன் புத்தகத்திலும் படித்து நான் இதைச் சொல்லவில்லை.

மாமா திரும்பி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "கழுவுனதுக்கே இப்படி மின்னுதே" என்றார். நான் சொல்லவில்லை. மறுநாள் கறை படாமல் இருக்கும்போது சொல்லி, எல்லோரையும் அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

பூஜை அன்று வாசலில் எல்லாம் வரிசையாக நின்றன. முதலாளியின் அம்பாசிடர், அவர் தம்பியின் நீலக் கார், பாயின் பச்சை வேன், ஒரு ஸ்கூட்டர், கடைப் பையன்களின் சைக்கிள்கள். துணி அளக்கிற கஜக்கோல்களும் கத்தரிக்கோல்களும் பெஞ்சின் மேல். பெரியம்மா கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து, புதுக் காருக்குத்தான் முதல் மரியாதை என்று பானெட்டில் கையை வைத்தார்.

சந்தனம் நிற்கவில்லை.

வைத்த இடத்திலேயே முத்து முத்தாகத் திரண்டு, பானெட்டின் சரிவில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. பெரியம்மா மறுபடி வைத்தார். மறுபடியும் இறங்கியது. குங்குமத்தை மேலே அழுத்தினார். அது சந்தனத்தோடு சேர்ந்து, அழுத கண்ணில் மை வழிந்த மாதிரி பம்பர் வரை போயிற்று. பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வண்டி பொட்டை ஏத்துக்க மாட்டேங்குது" என்றார் பெரியம்மா. "இதுல என் பேத்தியை மணப்பொண்ணா ஏத்தறதா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது. வித்துடு இதை."

"அம்மா, கொஞ்சம் இரும்மா" என்றார் முதலாளி. பிறகு மாமா பக்கம் திரும்பி, "என்னய்யா தடவி வெச்சிருக்கே?" என்றார்.

மாமா குனிந்து பானெட்டை மோந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலேயே வாழ்கிறவருக்கு டர்பன்டைன் வாசனை தெரியாதா? நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, காதைத் திருகி முன்னால் இழுத்தார்.

"இவன்தான் முதலாளி. எங்க அக்கா புள்ள. வேலைக்கு ஆவாதவன், எனக்குத் தெரியாம பண்ணிட்டான்." கன்னத்தில் ஒன்று விட்டார். "இன்னாடா பூசினே? சொல்றா. யாரைக் கேட்டுப் பூசினே?"

சொல்ல நினைத்தேன். மேஜையை, மையை, எல்லாவற்றையும் சொல்ல நினைத்தேன். இரண்டாவது அடியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாய்க்குள் உப்புக் கரித்தது.

பாய் மட்டும் வேனில் சாய்ந்துகொண்டு, "அரே, சந்தனம் நிக்கலேன்னு பையனை அடிச்சா, சந்தனம் நின்னுடுமா?" என்றார்.

"நீ சும்மா இரு பாய், உன் வேலையா போவுது" என்றார் மாமா.

முடிவில் பெரியம்மாவைச் சமாதானப்படுத்த, நம்பர் பிளேட்டில் பொட்டு வைத்தார்கள். அங்கே நான் மெழுகு பூசவில்லை, அதனால் நின்றது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. பூசணிக்காய் உடைத்து எல்லோரும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு போகும்போது முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு காலைல வந்து சாவியைக் கொடுத்துட்டுப் போயிடு" என்றார்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மா காலி டப்பாவை எடுத்து, திறந்து பார்த்து, மூடி வைத்தாள். என் கையைப் பிடித்து விளக்கருகே கொண்டுபோனாள். நகத்துக்குள் மெழுகு இருந்தது. ஒரு குச்சியால் அதை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். திட்டவில்லை.

காலையில் மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "பெரியம்மா கால்ல விழு. எழுந்திருக்காதே. நான் சொன்னாத்தான் எழுந்திருக்கணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வாசலில் முதலாளி தம்பியின் நீலக் காரைச் சுற்றிக் கூட்டம். பானெட்டிலிருந்தும் கதவுகளிலிருந்தும் சிவப்புச் சிவப்பாகக் கோடு இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்க்கிறார்கள், போகவில்லை. ரோஜா நிறத்துக்கு மங்கியதே தவிர, உள்ளே இறங்கியது இறங்கியதுதான். பச்சை வேனிலும் அதே கதை. ஸ்கூட்டருக்கு அடிபட்டு ரத்தம் வழிந்த மாதிரி இருந்தது.

அம்பாசிடர் தனியாக நின்றது. அதன் மேல் மழைத்தண்ணீர் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தது, ஒன்றோடொன்று ஒட்டாமல். முந்தின நாள் வழிந்த சந்தனத்தின் கோடு அங்கங்கே தெரிந்தது. முதலாளி மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஓரிடத்தில் துடைத்தார். போய்விட்டது. இன்னோரிடத்தில் துடைத்தார். அதுவும் போய்விட்டது. பாலாடை நிறம் அப்படியே இருந்தது. அவர் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார்யா பண்ணது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாங்க முதலாளி" என்றார் மாமா.

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "வருஷா வருஷம் கறை புடிக்குதே, புது வண்டியாச்சேன்னு ஒரே யோசனை. ஒரு மருந்து தயார் பண்ணிப் பூசினேன்."

பாய் விடவில்லை. "இன்னா மாமூ, நேத்து பையன் பண்ணான், இன்னிக்கு நீ பண்ணியா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மாமா சிரித்தார். "நேத்து பெரியம்மா இருந்த கோவத்துல நான்னு சொன்னா வுட்டிருப்பாங்களா? சின்னப் புள்ளைன்னா மன்னிச்சிடுவாங்கன்னு அவன் பேர்ல சொன்னேன். அவனுக்கும் தெரியும், இல்லடா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். "கெட்டிக்காரன்யா நீ" என்று மாமாவின் தோளைத் தட்டினார். பெரியம்மா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்பாளே மழையாக வந்து பொட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இதைவிட நல்ல சகுனம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பேத்தி இந்தக் காரில்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எழவில்லை. முதலாளியின் தம்பி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, தன் காருக்கும் அந்த மருந்தைப் பூச முடியுமா என்று கேட்டார். மாமாவின் தொழில் அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது. அதைச் சுவரில் எழுதியிருப்பது சரிதான். யார் ஆரம்பித்து வைத்தது என்பதுதான் சரியில்லை.

திரும்பி வரும் வழியில் மாமா என்னை ஒரு பேக்கரிக்குக் கூட்டிப் போனார். தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார், சூடாக இருந்தது. "வலிக்குதாடா?" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்றேன். "வீட்டுல உன் வாயைத் தொறக்காதே. மாமா உன்னைப் பெரிய ஆளாக்கறேன்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அடித்ததற்காகத்தான் பன் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று அடி, இன்று பன், இரண்டும் நேராகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு விரலில் ஒட்டிய தேங்காய்ப்பூவைக்கூட விடாமல் நக்கினேன்.

அம்மா கேட்டாள். "யாரு பூசினாங்களாம்?"

"நான்தான்க்கா" என்றார் மாமா.

அம்மா என் கையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். அன்றிலிருந்து மாமாவின் மருந்துக்கு அவள்தான் மெழுகு உருக்கினாள், அவர் கல்யாணம் செய்துகொண்டு தனியாகப் போகிற வரைக்கும். அதுவும் சுவரில் இல்லை. அவர் தம் கையால் காய்ச்சினாராம். அவர் கை டீசல் துணியைத் தவிர வேறெதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

மாமா என்னைப் பெரிய ஆளாக்கவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, வண்டி துடைக்க வைத்துக்கொண்டார். மீசை முளைத்ததும் நானே வெளியே வந்து மரத்தடியில் தகரத்தைப் போட்டேன். அதற்கப்புறம் உள்ள கதை உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு முன்னால் பூச்சுப் போட வருகிற வண்டிக்கு, பொட்டு எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் ஒரு வெற்றிலை அளவுக்குத் தாளை ஒட்டிவிட்டுப் பூசுவது என் பட்டறையின் வழக்கம். பூஜை முடிந்ததும் வந்தால், அந்த வெற்றிலை அளவுக் கறையை மட்டும் தேய்த்து எடுத்து, அந்த இடத்தையும் மூடிக் கொடுத்துவிடுவோம். பெரியவர்கள் மனசும் நோகாது, பெயின்டும் கெடாது. இப்போது பல கடைகளில் இதைச் செய்கிறார்கள். மாமா மகன் கடையிலும் செய்கிறார்களாம், டை கட்டிய பையனுக்குத்தான் இன்னும் சொல்லித் தரவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று எவனாவது கேட்டானா? அடி வாங்கின கன்னத்திலிருந்து வந்தது.

சுவரில் இருப்பதைத் திருத்தச் சொல்லிப் பெரிய மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். போன வாரம் மாமா மகன் போன் செய்தான். "அத்தான், அப்பாதான் செத்துப் போயிட்டாரே. இப்ப போய் யாரு பூசினான்னு கிளறணுமா? எல்லாம் ஒரே குடும்பம்தானே?" என்றான்.

ஒரே குடும்பம்தான். அடி விழுந்த அன்றும் ஒரே குடும்பம்தான். அன்றைக்கு, அத்தனை பேர் நடுவில், எது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல மாமாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பத்து வயசில் எனக்குப் புரியாதது இதுதான். அந்தப் பன் அடிக்காக வாங்கிக் கொடுத்ததில்லை. அடிக்கு மாமா வருத்தப்பட்டிருந்தால், அடித்த அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருப்பார். என் வேலைக்கு அவர் வைத்த விலை அது. நான் அதை ருசித்துத் தின்றேன். அம்மாவின் மௌனமும் அப்போது புரியவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பிக்கு வேலை போகும், அடுப்பு அணையும் என்று அவள் என்னைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது யாருக்கும் வேலை போகப்போவதில்லை, எந்த அடுப்பும் அணையப்போவதில்லை. கடையில் குளிர்சாதனமே ஓடுகிறது.

ஆகவே மாமா மகனுக்கு நான் சொல்வது: உன் அப்பா படம் இருக்கட்டும், மாலையும் இருக்கட்டும். அவர் அந்தத் தொழிலை ஊருக்குள் கொண்டுபோனார், அதை நான் மறுக்கவில்லை. படத்துக்குக் கீழே, மூன்று மொழியிலும், இதையும் சேர்த்து எழுது: மெழுகை உருக்கியவர் அவருடைய அக்கா; அதைக் காருக்குப் பூசலாம் என்று கண்டுபிடித்துப் பூசியவன் அக்கா மகன். சின்ன எழுத்தில் போட்டு ஏமாற்றாதே, விளக்கு ஏற்ற வந்து நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடு. பொட்டு வழுக்கியபோது ஊர் நடுவில் நிறுத்தி என் பெயரைச் சொன்னீர்கள். கறை படாததற்கும் அதே பெயரைச் சொல்லுங்கள்.